முப்பத்தொன்பது

நாளை மதியம் தைஸ்தோ வருவான்,
வேட்டைக்குழுவின் கடமான் பங்கு நாற்பது கிலோ.
பின்லாந்தின் இந்தக் கோடியில்
எல்லார் கொட்டகையிலும் இன்று
ஃப்ரீசர் மூடிகள் திறந்தே கிடக்கும்.

இடுப்புவரை உள்ளே கவிழ்ந்து
கால் தரையில் பாவாமல்
ஒவ்வொன்றாய் அள்ளி வெளியே போடுகிறேன்.
சூப்பைப் பைகளில் தட்டையாய் உறையவிட்டது நல்லதாயிற்று:
புத்தகம்போல் நிற்கின்றன, முதுகில் தேதியோடு.
ரொட்டி மேல்கூடைக்கு.
ஏரிமீனின் வாலை மட்டும்,
வேறு வழியில்லை, ரம்பத்தால் அறுத்தேன்.
காற்றை இலவசமாய்க் குடிவைக்க
எனக்கு வசதியில்லை.

அடிமூலையில் ஒரு பனியுருண்டை.
ஏப்ரலில் எலிஸ் வைத்தது.
முட்டைக்கோஸ் பருமன்.

"ஜன்னலைப் பார், கொட்ட ஆரம்பித்துவிட்டது.
எத்தனை வேண்டும் உனக்கு?"
"அது இந்த வருஷத்துப் பனி" என்றான்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.

பெட்டிக்கு மூலைகள் உண்டு, உருண்டைக்கு இல்லை;
எப்படி வைத்தாலும் கணக்கு உதைத்தது.
கடைசியில் புளூபெர்ரிப் பையின் முடிச்சைத் தளர்த்தி
அதன்மேல் சாய்த்தேன்.
கலகலவென்று உருண்டுபோய்
இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டன.

மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து
தைஸ்தோவுக்குச் செய்தி அனுப்பினேன்:
முப்பத்தொன்பது போதும்.