பெட்டிக்குள் அடங்கும் கோல்

மண்டித் தெரு முனையில்
குடையும் தூண்டிலும் விற்கிற இனாயத் பாய் கடைக்கு
டிக்கெட் பெட்டியோடு போனேன்.
"இன்னாபா, டூட்டியா?"
இல்லை பாய், அளவு பார்க்க.

தகரப் பெட்டி, உள்நீளம் ஒன்றரை அடி.
டிரிப் ஷீட், சில்லறைப் பை, எலுமிச்சைச் சோற்று டப்பா,
இவற்றின் பக்கத்தில் சத்தமில்லாமல் படுக்க வேண்டும்
நான் வாங்கப்போகும் கோல்.

முதலில் ஒன்பதடி காட்டினார், இரண்டே துண்டு.
விசிறினேன்.
எதிர்க்கடை வெல்ல மூட்டை வரை குனிந்து நிமிர்ந்தது.
அழகுதான்.
பஸ்ஸில் அதற்கொரு சீட் வேண்டும்,
அப்புறம் நானே அதற்கு டிக்கெட் கிழிக்க வேண்டும்.

ஏழு துண்டுக் கோல் பெட்டிக்குள் விழுந்து
சமர்த்தாய்க் கிடந்தது.
ஆனால் மூட்டுக்கு மூட்டு தயக்கம்.
கையில் கிளம்பிய விசை
அடுக்கம்பாறை, கணியம்பாடி என்று
எல்லா ஸ்டாப்பிலும் நின்று
நுனிக்குப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"முழங்காத் தண்ணி ஓடற எடம்,
அதுக்கு இம்மாம் யோசனையா?"
தண்ணி கொஞ்சம், அதனால்தான் பாய்.
ஏரியில் தப்பாய் விழுந்த கயிற்றை
மீன் மன்னித்துவிடும்.
ஓடையில் நம் நிழலே ஒரு சத்தம்.

எட்டடி, ஐந்து துண்டு.
பெட்டிக்கு வெளியே இரண்டு விரற்கடை நின்றது.
மூலைக்கு மூலை சாய்த்தேன்.
மூடிக்கொண்டது.
சோற்று டப்பா மட்டும் டிரைவர் ஏகாம்பரத்தின் பைக்குக்
குடிபெயர்ந்தது. பாதியை அவர் தின்கிறார்,
அது வாடகை.

அமிர்தியில் வண்டி திரும்ப நாற்பது நிமிஷம்.
வனத்துறை வேலிக்கு வெளியே,
துணி துவைக்கும் பாறைக்குக் கீழே,
புங்கங்கிளை தலையில் இடிக்கும் இடம்.
வீச வாகில்லை.
நுனியைப் பிடித்து வில்லாய் வளைத்து
விட வேண்டும்.

பொய்ப்பூச்சி நானே கட்டியது:
சேவலின் கழுத்து இறகு,
மகளின் பள்ளி ரிப்பனில் உருவிய நூல்.
தண்ணீரில் நன்றாகத்தான் உட்கார்ந்தது.
விரல் நீளக் கெண்டை ஒன்று மேலே வந்தது,
செக்கர் மாதிரி
இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது,
போய்விட்டது.
பிறகு இன்னொன்று. அதுவும் அப்படியே.

ஹாரன்.
ஐந்து துண்டையும் கழற்றி ஓடினேன்.
பூச்சியைப் பெட்டியில் வைக்க நேரமில்லை,
காலரில் குத்திக்கொண்டேன்.

நஞ்சுகொண்டாபுரத்தில் புளிக்கூடையோடு ஏறிய அம்மா
சில்லறை நீட்டிய கையாலேயே
பட்டென்று என் கழுத்தில் அடித்தார்.
"பூச்சி சார், பெருசு!"

வலித்தது.
முள் கொஞ்சம் ஏறிவிட்டது.
ஆனாலும் அன்றைக்கெல்லாம்
விசிலை ஊதும்போது சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.
ஒருவராவது நம்பினார்.