ஆறாம் படுக்கை

விடிய ஆறேமுக்கால்.
முதல் நகரி பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று.
பள்ளிப்பட்டு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு.
என் கையில் பன்னிரண்டு யூனிட் இன்சுலின்,
கண்ணில் ஒரு ராத்திரியின் மணல்.

"சின்னம்மா?" என்றேன்.
"ஆ" என்றாள் ஆறாம் படுக்கை,
முந்தானையை விலக்கிக் கையும் நீட்டினாள்.

பஞ்சால் துடைத்தும் ஆயிற்று.
ஊசி முனையில் ஒரு சொட்டு.
அப்போதுதான் பார்த்தேன்,
தலைமாட்டில் பிரிக்காத பிஸ்கட்.
ஒன்பது மணிக்கு ஹெர்னியா ஆபரேஷன்.
நேற்றிரவிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை.

மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பினேன்:
நாலு நாலு ஒன்று ஏழு.
சீட்டில்:
நாலு நாலு ஏழு ஒன்று.

"மீ பேரு செப்பண்டி."
"சென்னம்மா."
"அப்போ ஏன் ஆ சொன்னீங்க?"
"அக்கா பிள்ளைங்க ஏழு பேரு.
முப்பது வருஷமா
சின்னம்மான்னு கூப்பிட்டாத்தான் எழுந்திருக்கேன்.
அதுவுமில்லாம,
நர்சம்மா கூப்பிட்டா
இல்லேன்னா சொல்லுவாங்க?"

சின்னம்மாவோ ஒன்பதாம் படுக்கையில்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நடக்காததை எதுக்குடி எழுதுறே
என்றாள் ஹேமாவதி, டூட்டி மாற்ற வந்தவள்.
பதிவேட்டில் என் பெயரிலேயே எழுதினேன்:
நடக்கவில்லை.
நடந்திருக்கும்.
கையெழுத்து கோணலாக வந்தது.

இப்போதெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
கேட்கிறேன்.
"தினம் தினம் கேக்கிறியே,
உனக்கென்ன மறதி வியாதியா?" என்கிறாள் சின்னம்மா.
ஆமாம் என்று
மணிக்கட்டைத் திருப்புகிறேன்.
நாலு. நாலு. ஏழு.
ஒன்று.