ஆகஸ்ட் மட்டும் வேண்டாம்

மால்டாவுக்கு எந்த மாசம் போவது என்று
நவநீதன் ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் வரைந்தான்.
ஊத்துக்குளி ரோட்டில் பரோட்டாக் கடைக்கு மாடியில் அவன் ஆபீஸ்.
ஏசி காற்றில் வெங்காயம் வதங்கியது.

எனக்கு அந்தத் தீவின் பருவங்கள் தெரியும்,
இருபத்திரண்டு வருஷமாக, தலைகீழாக.
ஐப்பசி மழையில் கூரை ஒழுகி
கட்டிங் மேசைக்குத் தார்ப்பாய் போர்த்தும்போது
இங்கே அவர்களுக்குக் கோடை பிறக்கும்:
கை வைக்காத பனியன், வெங்காயத் தோல் கனம்,
எலுமிச்சை, கடல்பச்சை, ஒரே ஒரு வருஷம் பவளச் சிவப்பு.
சித்திரையில் மின்விசிறி அனலை அள்ளி எறியும்போது
மடியில் எருமைக்கன்று போல் கனத்த துணி.
அவர்கள் குளிருக்குத் தலைமூடி வைத்துத் தைப்போம்,
வியர்வை பட்டுவிடாமல்
மணிக்கட்டில் துண்டு சுற்றிக்கொண்டு.

தீவின் நீளம் இருபத்தேழு கிலோமீட்டராம்.
அவிநாசி போய்த் திரும்பினால் நாடு முடிந்தது.
ஆறே கிடையாதாம் அங்கே.
எங்களுக்கு ஒன்று இருக்கிறது,
என்ன நிறம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மே மாசம் வா என்றாள் கார்மெலா,
வருஷத்துக்கு ஒருமுறை வரும் பையர் அம்மா,
கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்து விட்டபடி.
பூ இருக்கும், கூட்டம் இருக்காது.
மே மாசம் ஷிப்மெண்ட், அவளுடையதேதான்.
நவநீதன் செப்டம்பர் என்றான்.
கடல் அப்போதுதான் வெதுவெதுப்பாம், ரூமும் இறங்குமாம்.
பிப்ரவரி இன்னும் மலிவு, பாதாம் பூக்கும்,
ஆனா காத்து ஆளைத் தூக்கும் அக்கா.
பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே குடியிருப்பவளிடம்
காற்றைச் சொல்கிறான்.
பங்குனி ஆகாது. ஊரில் கம்பம் நட்டுவிட்டால்
எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது.
இதை விசா ஆபீசில் யாரிடம் சொல்வது?

ஆகஸ்ட் கட்டத்தில்
சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி போட்டான்.
பாறை கொதிக்கும், விலை ரெண்டு மடங்கு,
உலகமே அங்கதான் கெடக்கும்.

உலகமே அங்கேதான் கிடக்கும்.

என்ன போட்டுக்கிட்டு, என்று கேட்டேன்.
அவனுக்குப் புரியவில்லை.

நான் சரியாகத் தைத்த ஒன்றைக்கூட
உடம்பில் பார்த்ததில்லை, தம்பி.
தலையில்லாத பொம்மையில் பார்த்திருக்கிறேன்,
பாலித்தீன் உறையில், பெட்டிக்குள் டஜன் டஜனாக.
தப்பானவைதான் காதர்பேட்டைக்கு வரும்.
தப்பானவற்றைப் போட்டுத்தான் என் மகன் வளர்ந்தான்,
ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

உப்புத்தண்ணீரில் அந்தக் கடல்பச்சை சாயம் விட்டதா?
தொப்பைக்காரர் ஒருவர் குனிந்து செருப்பு மாட்டும்போது
பக்கத் தையல் தாங்கியதா?
குழந்தை ஐஸ்கிரீமைத் துடைத்துக்கொண்டது
எந்த இடத்தில்?
மே மாசப் பூ இதையெல்லாம் சொல்லாது.

வீட்டில் சென்னியப்பன் சிரித்தார்.
"வெயிலப் பாக்கறதுக்கா புள்ள இத்தன காசு?
மொட்டமாடிக்கு ஏறுனாப் போச்சு."
மறுநாள் வண்டியில், பழைய பஸ் ஸ்டாண்டு சிக்னலில்,
முன்னால் பார்த்தபடியே சொன்னார்:
"ஆடியில ஊர்ல விசேசம் ஒண்ணும் இல்ல. போலாம்."

ஆகஸ்ட் ஐந்து. ஏழு ராத்திரி.
கடல் தெரியாத அறை; அதுதான் கட்டுப்படியானது.
பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில்
நவநீதன் கேட்காமலே சுற்றுலா என்று அடித்தான்.
இருக்கட்டும்.
நூல் கத்தரி கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்டேன்.
கைப்பையில் விடமாட்டாங்க அக்கா,
பெரிய பெட்டியில போடுங்க. எதுக்கு அது?

எங்காவது ஒரு தோளில்
பிசிர் தொங்கும்.