ரொட்டித் தட்டில் மூன்று சிம்

சிலோயே தீவின் இந்தப் பக்கம்
கண்ணாடி இழை வராது என்று
முத்திரை குத்தி எழுதியே தந்துவிட்டார்கள்.
ஆகவே மூன்று நிறுவனம், மூன்று சிம்.
மூன்று பழைய கைபேசிகள்
ரொட்டி சுடும் தகரத் தட்டில் படுத்திருக்க
காரின் முன்னிருக்கையில் வைத்து
அவற்றுக்கும் பெல்ட் மாட்டினேன்.

வேலை ராட்டர்டாமில்.
அவர்களுக்குக் காலை பத்து, எனக்கு விடியாத நாலு.
மழைக்கு மணி கிடையாது.
"ரொசால்பா, உறைந்துவிட்டாய்" என்பார்கள்.
வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி
திரையில் நிற்பேனாம்,
தும்மப் போகிறவள் மாதிரி.
மூன்றாம் முறை மார்லூஸ் கேட்டாள்,
"வேறு இணைப்பு ஏதும் கிடைக்காதா?"
கோபமாய்க் கேட்டிருக்கலாம்.
அன்பாகக் கேட்டதுதான் வயிற்றைப் பிசைந்தது.

ஒரு நோட்டு போட்டேன்.
வேகத்தை எழுதவில்லை,
அது விளம்பரப் பலகையின் சமாச்சாரம்.
அனுப்பியதில் எத்தனை திரும்பவில்லை,
திரும்பியவை எவ்வளவு தள்ளாடி வந்தன,
அதைத்தான் குறித்தேன், இருபத்திரண்டு நாள்.

சிவப்பு சிம்முக்குக் கோபுரம் கால்வாயின் அக்கரையில்.
குதிரை!
முழு நிரல் களஞ்சியமும் அரை நிமிடத்தில் இறங்கியது.
பேனாவைத் திறந்துவிட்டேன் கையெழுத்துக்கு.
செவ்வாய் மதியம் இரண்டுக்குச் செத்தது.
புதன் இரண்டு ஐம்பதுக்கு.
வியாழன் மூன்று நாற்பதுக்கு.
என் நிரலில் பிழை தேடினேன்,
ரவுட்டரை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன்.
சிப்பிக் கூடையோடு ஜன்னலைக் கடந்த எடூலியோ
என்னிடம் இல்லை, தன் நாயிடம் சொன்னான்:
"போதும் வா, தண்ணி ஏறிருச்சு."

ஆறு மீட்டர் ஏறும் கடல் எங்களுடையது.
சேறாய்க் கிடந்த தரை கண்ணாடியாகிறது;
வானில் வரும் அலையை
நீரில் பட்டுத் தெறித்த அலையே அடித்துப்போடுகிறது.
ஓதம் ஏறினால் பதிவேற்றம் இறங்கும்.
இந்த வழுவை யார் பெயரில் பதிவது,
நிலாவின் பெயரிலா?

நீல சிம் நல்ல சிம்,
சால்மன் பண்ணைப் படகுகள் கரை திரும்பும்வரை.
பிறகு ஊரே பந்தாட்டம் பார்க்கும்.

மூன்றாவதின் பெயரைச் சொல்லவே கூச்சம்.
கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் குட்டைக் கோபுரம்.
அதில் வீடியோ திறந்தால்
மார்லூஸின் முகம் மொசைக் தரை.
ஆனால் நோட்டில் அதன் பத்தியில் மட்டும்
அடித்தல் திருத்தல் இல்லை.

ஜூன் பதினேழு இரவு காற்று கூரைத் தகடுகளை எண்ணியது.
மின்சாரம் போயிற்று.
நீலம் உடனே.
சிவப்பு நாலு மணி நேரம் பேட்டரியில் மூச்சு வாங்கி, அப்புறம்.
மூன்றாவதில் ஒரு கோடு.
ஐந்தாம் மணியிலும் ஒரு கோடு.
அந்த ஒற்றைக் கோட்டின் மேல்
வரிவரியாய் நடந்து
என் திருத்தம் அட்லாண்டிக்கைத் தாண்டியது.

விடிந்ததும் ஏறிப்போய்ப் பார்த்தேன்.
தீயணைப்புத் தொண்டர்களின் வானொலியும்
அதே கம்பத்தில்தான் தொங்குகிறது.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்க
பள்ளிக்கூடச் சமையல்காரி ஈரிஸ் பாரியா
டீசல் கேனை இடுப்பில் சாய்த்து ஊற்றினாள்.
இரவெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை
ஏறி இறங்கியிருக்கிறாள்.
"ஒரு தீயும் இல்லை, ஒருத்தரும் கூப்பிடவில்லை,
வீணாய்ப் போச்சு டீசல்" என்றாள்.
"நான் இருந்தேன் இதில்" என்றேன், "காலை வரை."
மேலும் கீழும் பார்த்தாள்.
"இன்னொரு கேன் கீழே நிற்கிறது."

மாதக் கட்டணம் மூன்றிலும் இதற்குத்தான் குறைவு.
புயல் எச்சரிக்கை வந்தால்
நள்ளிரவிலிருந்து மூன்று மணிவரை என் முறை.
படத்தை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்;
குரல் வெட்டுவதில்லை.
"எந்தத் திட்டம் எடுத்தாய்?" என்றாள் மார்லூஸ்.
சொல்ல ஆரம்பித்தேன்.
எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத எண்ணெயில்
என்டர் விசை மட்டும்
கொஞ்சம் வழுக்குகிறது.