நாற்பத்தொன்றாவது மணி நேரம்

நூற்று இருபது மணி நேரம் கேட்கிறது பல்கலைக்கழகம்.
எதிரே ஒரு பிள்ளை பேச, நான் கேட்ட நேரம் மட்டும்.
காத்திருந்தது கணக்கில் வராது.
வராமல் போனவர்களுக்காகக் காத்திருந்ததும்.

பீடோரில், பள்ளி எனக்கு ஒதுக்கியது
போன வருடம்வரை பந்துகள் கிடந்த அறை.
இரண்டு நாற்காலிகளைப் பாடத்தில் சொன்னபடி
பத்து பத்து காட்டும் கடிகார முட்களாய்ச் சாய்த்துப் போட்டேன்.
கைக்கெட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி.
நாமாக எடுத்து நீட்டக் கூடாது.
நீட்டினால் ‘போதும், அழாதே’ என்று பொருளாம்.

க-3 ஏர்கோனுக்காக வந்தவன்.
அவனே சொன்னான்.
படிவம் நான்கு. பள்ளி விட்டதும் இருட்டும்வரை
உதிரிப்பழம் பொறுக்குகிறவன்.
நகக்கண்ணில் போகாத செம்பனை மஞ்சள்.

படிவத்தில் அவன் ‘கிளையன்’.
தமிழில் என்னவென்று தேடினேன்.
வாடிக்கையாளர் என்றால்
கடன் நோட்டோடு மளிகைக்கு வந்தவன் போலிருக்கிறது.
நாடுநர் என்று எழுதலாம் என்றாள் தோழி.
அவன் நாடியது குளிரைத்தான்.

அவன் தமிழில் பேசுவான்.
இரவில் நான் மலாயில் பெயர்த்து எழுதுவேன்,
இருமல், நாற்காலிச் சத்தம் உட்பட.
‘மனசு சப்புன்னு இருக்கு டீச்சர்.’
கெச்சேவா என்று எழுதினேன். ஏமாற்றம்.
டாக்டர் நோர்ஹயாத்தி ஓரத்தில் சிவப்பில் கேட்டிருந்தார்:
யார்மேல்?
உப்பில்லாத குழம்புக்கு
யார்மேல் என்ன ஏமாற்றம்.

இன்னொரு பக்கத்தில்:
பத்தொன்பதாம் நிமிடம். ஏன் உடனே பேசினீர்கள்?
அந்த மௌனம் அவனுடையது.

பதினோரு வருடம் கணக்கு டீச்சர் நான்.
வகுப்பு அமைதியானால்
விடையைச் சொல்லிவிட்டுத்தான் பழக்கம்.

வியாழக்கிழமை இரவுச் சந்தையில்
அவன் அம்மா என் கையைப் பிடித்தாள்.
‘பையன் என்ன சொல்றான் டீச்சர்?’
வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடி நின்றேன்.
‘நீங்களே கேட்டுப் பாருங்கக்கா.’
ஷட்டர் இறக்கியதுபோல் அவள் முகம் மூடியது.
ரகசியம் காப்பது பற்றி எழுபது பக்கம் படித்தேன்.
ஊருக்கு ஒரே சந்தை என்று ஒரு வரி இல்லை.

நாற்பத்தொன்றாவது மணியில்
மேசைமேல் சிவப்புப் புள்ளி ஒளிரும்
ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துக் கேட்டான்:
‘என்னைய வச்சி உங்களுக்கு மார்க் போடுவாங்களா?’

இதற்குப் பதில்கள் உண்டு.
கேள்வியை மடித்து, இஸ்திரி போட்டு,
அவன் மடியிலேயே திருப்பி வைக்கும் பதில்கள்.
‘ஆமா’ என்றேன்.

‘அழுதா கூட போடுவாங்களா?’

சிரித்துவிட்டேன். அவனும்.
சிரிப்பு முடிந்த இடத்தில்
இருவருக்கும் போக வழி இல்லை.
வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி போயிற்று.
நான் பேசவில்லை.
இன்னொரு லாரி.
நாக்கைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன்.
மூன்றாவது லாரி வளைவில் கியர் மாற்றியபோது
‘அத நிறுத்துறீங்களா’ என்றான்.

நிறுத்தினேன்.

பிறகு அவன் சொன்னது
எந்தப் படிவத்திலும் இல்லை.
இங்கேயும் இல்லை.

ஒன்றே முக்கால் தோட்டத்துப் பஸ் போய்விட்டது.
என் காரில் ஏற்றக் கூடாது, அதுவும் விதி.
பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
வெயிலுக்குள் நடந்தான்.
பத்து நிமிடம் கழித்து அதே சாலையில்,
மெதுவாகத்தான், ஓட்டிப் போனேன்.
இரு பக்கமும் செம்பனை.
அவனைக் காணோம்.

பதிவில்லாத மணிக்குக் கையெழுத்துக் கிடையாது.
வெள்ளிக்கிழமை, நாற்பத்தொன்று என்று
மறுபடியும் எழுதி வைத்துக் காத்திருந்தேன்.
க-3 வரவில்லை.
க-7 வந்தாள், ஒரு காதில் பஞ்சோடு,
ஏர்கோனை அணைக்கச் சொல்லி.