நான்கெல்லை

மூன்றாவது படம், சீப்பு.
சொரிமுத்து அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்,
பின்பக்கம் பெயர் போட்டிருக்குமோ என்று.
இல்லை.
"தலைக்கு மேக்கு," என்கிறார்.
"கண்ணாடிக்குக் கெழக்கு.
எண்ணெய்க்குத் தெக்கு. பேனுக்கு வடக்கு."
சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார்:
நாலு மாலும் சொல்லியாச்சு,
நடுவில் இருப்பதை நீயே எடுத்துக்கொள்.

முப்பத்தோரு வருஷம்
சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
பத்திரம் எழுதியவர்.
கன்னடியன் காலுக்கு வடக்கே
இவர் கைபடாத வயல் குறைவு என்கிறாள் ஆவுடை.

கையேடு சொல்கிறது:
சுற்றிவளைத்துச் சொன்னால் பூஜ்யம்.
முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்து வந்தால் அரை.
"சீ..." என்றேன்.
அவர் முகம் விழுந்துவிட்டது.
"இப்பம் நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?"

அதற்குப் பிறகு பத்து நிமிஷம்
அவரைச் சமாதானப்படுத்துவதில் போனது.
அதற்குத் தாளில் கட்டம் கிடையாது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில்
இந்த அறைக்கு ஒரு ஜன்னல், அதுவும் ஜெனரேட்டரைப் பார்த்து.
ஆவுடையை அவருக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறேன்.
முன்னால் இருந்தால் உதடு அசைக்கிறாள்.
"நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாதும்மா."
ஸ்கேன் எடுத்த பெரிய கவரை
வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வாளப்பளம்," என்றார் அடுத்த படத்துக்கு.
உச்சரிப்புப் பிழை என்றொரு பத்தி இருக்கிறது.
தாளைத் தயாரித்தவர்கள் மெட்ராஸில் இருக்கிறார்கள்.
நான் கொக்கிரகுளத்துக்காரி.
பத்தியைக் காலியாக விட்டேன்.
கைலியைச் "சாரம்" என்றார். முழு மார்க்.

ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம்?
ஆடு. மாடு.
ஆடு.
"ஆட்ட வெள்ளாமைக்குள்ள விட்டுட்டாம்னு ஒரு தகராறு..."
மீதி நிமிஷம் ஜெனரேட்டருக்கு.

பெரிய படம். கடற்கரை. குடைக்குக் கீழே
தொப்பி போட்ட வெள்ளைக்காரக் குடும்பம்,
ரொட்டியைத் தூக்கிக்கொண்டு நாய் ஓடுகிறது.
"இதுல என்ன நடக்குதுன்னு சொல்லுங்க."
வெகுநேரம் பார்த்தார்.
"இது யாரு பேர்ல இருக்கு?"
எழுதுவதற்கு முன் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
"வில்லங்கம் போட்டுப் பாத்தியளா?"

வெளியே மூத்த மகன் நயினார், செல்போனும் கையுமாக.
வீடு அப்பா பேரில்.
"புரிஞ்சுதான் கையெழுத்துப் போடுதாருன்னு
ஒரு வரி எழுதித் தாங்க மேடம். அது போதும்."
எந்த வரி என்று யோசித்தபடியே
கடைசிக்கு முந்தின சோதனைக்கு வந்தேன்:
நீளமான வாக்கியம், கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நான் பாதி வாசிப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டு
அவர் தன்னுடையதைத் தொடங்கிவிட்டார்:
"நான் நல்ல நினைவுடனும்
பூரண புத்தி சுவாதீனத்துடனும்
பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும்
என்னுடைய மனப்பூர்வமான சம்மதத்தின் பேரிலும்..."
திக்கல் இல்லை, தேடல் இல்லை.
ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்தேன்.
இதற்கு என்ன மார்க் போட?
தேய்ந்த படியில் கால் தானாக இறங்குவது மாதிரி
வாய் இறங்கியது என்று எழுதலாம்.
படி இன்னும் இருக்கிறது என்றும் எழுதலாம்.

"பேரிலும்... பேரு..."
அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டார்.
கழுத்தைத் திருப்பி ஆவுடையைப் பார்த்தார்.

"எனக்குக் கெழக்கு," என்றார்.
"அடுப்புக்கு மேக்கு.
நயினாருக்கு வடக்கு.
அவ அய்யா வீட்டுக்கு... ரொம்பத் தெக்கு.
இதன் மத்தியில்..."

பதினோரு விநாடி. எண்ணினேன்,
எண்ணத்தான் சம்பளம்.

ஆவுடை கவரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.
தாளின் அடியில் ஒரு கேள்வி உண்டு:
தூண்டுதல் தரப்பட்டதா? ஆம், இல்லை.
நான் பேனா மூடியைத் தேடுவதுபோல
மேஜைக்கு அடியில் குனிந்தேன்.

"ஆ..." என்றாள், மெதுவாக.

நிமிர்ந்தபோது
அவர் வாயைத் திறந்துவைத்திருந்தார்,
மாத்திரைக்கு.