வீசை

பெயரிலேயே மீன் உள்ள ஊர், மோல்மீன்.
கீழ்ச்சந்தையில் எனக்கு இரண்டு தொட்டி, ஒரு தராசு.

டோ மியா செயின் விராலை விரலால் காட்டமாட்டாள்.
"பூ வாங்கிவிட்டு வருகிறேன்" என்பாள், அவ்வளவுதான்.
திரும்பி வரும்போது அது செத்திருக்க வேண்டும்,
அவளுக்காகச் சாகாமல்.
அடித்தது என் கணக்கு,
தின்பது யார் கணக்கிலும் இல்லை.
முதல் வருடம் சிரித்தேன்.
பிறகு ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை
என் அடுப்பில் கீரை மட்டும் கொதிக்க,
கிளறும் கையில் செதிள் மின்னியது.
அதோடு சிரிப்பதை விட்டுவிட்டேன்.

கறிக்கடையில் கத்தியைப் பற்றி நூறு கேள்வி கேட்கும்
சேக் மதார் பாய்
மீனிடம் ஒன்றும் கேட்பதில்லை.
கரேன் சர்ச்சில் பாடும் சோ எ வா வாத்தியார்
ஞாயிற்றுக்கிழமை காசைத் தொடமாட்டார்.
மீனைத் தொடுவார்.
திங்கள் காலை சரியாக வந்து கொடுத்துவிடுவார்.

ஆளுக்கொரு வேலி.
எந்த வேலியும் அடுத்தவர் வேலியோடு ஒட்டவில்லை.
நடுவில் உள்ள சந்துகளில்தான்
என் வியாபாரம் நடந்தது.

சித்திரை வெயில்.
தெருவெல்லாம் தண்ணீர் வீசிக் கூத்தாடும் நாள்.
தராசுத் தட்டில் ஏதோ வழுக்கியது.
மீன் எண்ணெய் என்று துடைத்தேன்.
மறுபடி வழிந்தது.
வீசைக்கல்லைப் புரட்டினேன்.
அடியில் கட்டைவிரல் நுழையும் துளை.
உள்ளே மெழுகு,
மேலே பூசிய கரி உருகிக் கண்மைபோல் ஒழுகியது.

கொழுந்தன் மாசிலாமணி அசையவே இல்லை.
"ஊரில் வீசை இவ்வளவுதான், அண்ணி.
நாற்பது பலம். அப்பா சொன்னது.
இந்த ஊர்க்காரன்தான் நம் சொல்லை எடுத்துக்கொண்டு
கனத்தைக் கூட்டிவிட்டான்.
நான் சரிசெய்தேன்.
எது நியாயமான வீசை என்று
யார் சொல்வது?"

ஒரு நிமிடம் வாயடைத்துப்போனேன்.
அவன் சொன்னதில் பொய் இல்லை.
இரண்டு வீசையும் நேர்மையான வீசைதான்,
இரண்டு கரையில்.

பிறகு கேட்டேன்:
"விலையையும் ஊர் விலைக்கா விற்றாய்?"

வெளியே யாரோ வாளித் தண்ணீரை ஊற்றினார்கள்.
அவன் நனைந்துகொண்டே போனான்.

கடன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு
வந்தவரிடமெல்லாம் சொன்னேன்.
பாய் உட்கார்ந்து கணக்குப் போட்டார்,
ஆறு மாதம், வாரம் இரண்டு,
ஒரு காசு விடாமல் வாங்கிக்கொண்டு
சலாம் சொன்னார்.
டோ மியா செயின் வாங்க மறுத்தாள்:
"இழந்தது நானில்லை, நீங்கள்."
அது மன்னிப்பா சாபமா என்று
இன்றுவரை தெரியவில்லை.
ஆனால், துளையிட்ட கல்லைக் காட்டியபோது,
என்ன தப்பு என்று
ஒருவரும் கேட்கவில்லை.
முகங்கள் ஒரே மாதிரி சுருங்கின,
புளி பட்டதுபோல்.

வாத்தியார் மாசியிலேயே போய்விட்டார்.
உறவென்று யாரும் இல்லை.
அவருக்கு என் பாக்கி
ஒரு வீசையும் சொச்சமும்.
சர்ச்சில் போட்டிருக்கலாம்.
நாகம்மன் உண்டியலிலும் போட்டிருக்கலாம்.
எதுவும் மீனுக்கு ஈடாகத் தோன்றவில்லை.

பௌர்ணமியன்று பர்மாக்காரர்கள் மீன் விடும் துறையில்
ஒரு விராலோடு போய் நின்றேன்.
அவருடைய சாமிக்கு இது தெரியாது.
என்னுடைய சாமிக்கும் பழக்கமில்லை.
விட்டேன்.
பழுப்பு நீரில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

நூறு முழம் கீழே
ஒருவன் வலையை உதறிக்கொண்டிருந்தான்.
அவனிடம் என்ன சொல்வது?
நாளைக்கு அதே விரால்
என் தொட்டிக்கே வரலாம்.

வந்தால் வரட்டும்.
விடுவதற்கு முன்
புதுக்கல்லில் நிறுத்துத்தான் விட்டேன்.
முள் நடுவில் நின்றது.
துள்ளலில் கொஞ்சம் ஆடி,
பிறகு நின்றது.